நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள்

2020ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் தேதி, காணும் பொங்கலன்று, சென்னைக்குத் தெற்கே உள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில், ஐந்து வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நுழைவுச்சீட்டு வாங்க மட்டும் ஒன்றே கால் மணி நேரம் நின்றேன். என் கணவர் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போனவர், சீட்டு கைக்கு வந்த பிறகும் திரும்பவில்லை. உள்ளே போனபோது நண்பகல் ஆகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு வெளியே வந்தபோது மொத்தம் மூன்று ராட்டினங்களில் ஏறியிருந்தோம். அவற்றில் ஒன்றில் அவள் பயந்து அழுததால் பாதியிலேயே இறக்கிவிடச் சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று குழந்தைகளுக்கான சிறு ரயிலின் வரிசையில் நின்றபோது, வேறு வேலை இல்லாததால், எண்ணத் தொடங்கினேன். ஒரு சுற்றுக்கு 16 குழந்தைகள். ரயில் ஓடுவது மூன்று நிமிடம்; இறக்கி, ஏற்றி, கம்பியைப் பூட்டி, பூட்டியதை இழுத்துப் பார்த்து, விசில் ஊத நான்கு நிமிடம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு எட்டுச் சுற்றுக்கு மேல் முடியாது, 128 குழந்தைகள். எங்களுக்கு முன்னால் ஏறத்தாழ 110 பேர் இருந்தார்கள். மூன்று நிமிட ரயிலுக்கு ஐம்பது நிமிடம் என்பதை அந்த இடத்திலேயே கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் வரிசையை விட்டு விலக மனம் வரவில்லை.

அந்தக் கணக்கில்தான் எல்லாமே இருக்கிறது என்பது பிறகு புரிந்தது. ராட்டினத்தின் இருக்கைகள் கூடுவதில்லை. மணிக்கு 128 பேரை ஏற்றும் ரயிலுக்கு மணிக்கு 120 பேர் வந்தால் வரிசை என்ற ஒன்றே பெரிதாக இருக்காது. 160 பேர் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் 32 பேர் மிச்சமாகி, அந்த மிச்சம் அடுத்த மணியின் மிச்சத்தோடு சேர்ந்து, மாலை வரை கரையாமல் வளர்ந்துகொண்டே போகும். கூட்டம் கொஞ்சம் கூடினாலும் காத்திருப்பு பல மடங்காவது இதனால்தான். அப்படியானால் நாம் தேட வேண்டியது ஆளே இல்லாத நாளை அல்ல. அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் நாளைத்தான்.

புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஓர் அனுபவம் இயல்பாகவே உண்டு. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலை வரை எங்கள் ஊரே ஒரு கேளிக்கைப் பூங்காதான். கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் வண்டி நிறுத்த இடம் இருக்காது. புத்தாண்டு இரவில் வீட்டை விட்டு வெளியே வருவதையே நாங்கள் யோசிப்போம். கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் திங்கள் காலை ஐந்தரை மணிக்குப் போவோம். பிறர் ஊருக்குப் போகும்போது மட்டும் இந்த அறிவை ஏன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அமெரிக்காவில் உள்ள பெரிய பூங்காக்களுக்கு, எந்த நாளில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று 1 முதல் 10 வரை எண் போட்டு ஆண்டு முழுவதற்கும் அட்டவணை தயாரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் இருக்கிறது. அரசு விடுமுறை, முகூர்த்தம், அமாவாசை, கிருத்திகை எல்லாம் அதில் அச்சாகியிருக்கின்றன. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

தவிர்க்க வேண்டிய நாட்களைச் சொல்வது எளிது. பொங்கல் விடுமுறை, அதிலும் காணும் பொங்கல், டிசம்பர் கடைசி வாரம், அதாவது அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் சேரும் நாட்கள், செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறை, தீபாவளிக்கு மறுநாள், ஏப்ரல் பின்பாதி தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை எல்லா நாளும். இவற்றோடு, வெள்ளியிலோ திங்களிலோ வந்து விழும் எந்த அரசு விடுமுறையும். மே மாதத்தில் கூட்டத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் நிழல் இல்லாத வரிசையில் குழந்தையோடு நிற்பது விளையாட்டு அல்ல. அக்டோபர் பின்பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இடி மின்னல் வந்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். டிசம்பர் முதல் தைப்பூசம் வரை மேல்மருவத்தூருக்கு வரும் செவ்வாடை பக்தர்களின் பேருந்துகளால் மாமல்லபுரம் பக்கம் சாலையும் உணவகங்களும் நிரம்பி வழியும் என்பதையும் வழியில் போகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முகூர்த்த நாள் என்பது தந்திரமான ஒன்று. ஆவணியில் நல்ல முகூர்த்தம் உள்ள ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பங்கள் மண்டபத்தில் இருக்கும், பூங்காவில் கூட்டம் குறையும் என்று ஒரு முறை கணக்குப் போட்டேன். கணக்கு சரியாகவே இருந்திருக்கக்கூடும். ஆனால் அன்று நாங்களும் மொய்க் கவரோடு வில்லியனூரில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம்.

சரி, மிச்சம் இருப்பது ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை வரும் வார நாட்கள். அதிலும் செவ்வாய், புதன் இரண்டும் நல்ல நாட்கள். வெள்ளியன்று அலுவலகக் குழுக்கள் வந்துவிடும். இங்கேதான் எல்லாக் குடும்பங்களுக்கும் வரும் சிக்கல் வருகிறது: வார நாளில் பூங்கா காலியாக இருப்பதற்குக் காரணமே குழந்தைகள் பள்ளியில் இருப்பதுதான், நம் குழந்தையும் பள்ளியில்தான் இருக்கும். விடுப்பு எடுக்க வைப்பதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. ஆனால் என் மகளின் பள்ளியில் வருகைப் பதிவுக்குக் கொடுக்கும் மரியாதையை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

விடை, நாங்கள் வாழும் ஊரிலேயே இருந்தது. புதுச்சேரிக்கு மட்டும் என்று இரண்டு விடுமுறைகள் உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்ததில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள்; அதன்படி நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது. ஆனால் சட்டப்படியான மாற்றம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குப் பிறகு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. ஆகவே நவம்பர் 1 எங்களுக்கு விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ பரிமாற்ற நாள். இரண்டும் இங்கே விடுமுறை. முள்ளோடையைத் தாண்டினால் கடலூரிலும், கனகசெட்டிகுளத்தைத் தாண்டினால் மரக்காணத்திலும் சாதாரண வேலைநாள். பூங்காக்கள் இருப்பதோ செங்கல்பட்டு மாவட்டத்திலும் சென்னையிலும். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள். கீழூரில் வாக்களித்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் அவர்களுக்கு என் நன்றி.

2023இல் ஆகஸ்ட் 16 புதன்கிழமையில் வந்தது. முந்தைய நாள் சுதந்திர தினம் என்பதால், ஊர் சுற்ற நினைத்த சென்னைக் குடும்பங்கள் செவ்வாயன்றே சுற்றி முடித்திருக்கும். அதற்கும் மேலே, அன்று ஆடி அமாவாசை. பல வீடுகளில் படையல், யாரும் எளிதில் வெளியே கிளம்ப மாட்டார்கள். இவ்வளவு பொருத்தமும் ஒரே நாளில் கூடி வந்ததில் நான் காலண்டரைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். படையல் எங்கள் வீட்டிலும் உண்டு என்பது மாமியார் வாழைக்காய் வாங்கி வரச் சொன்னபோதுதான் உறைத்தது.

என் மாமனார் எதற்கும் குரலை உயர்த்தாதவர். "போய்ட்டு வாங்கம்மா, படைச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். வழக்கமாக உச்சிப்பொழுதில் படைப்பதை அன்று எங்களுக்காகக் காலையிலேயே வைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார். நானும் மாமியாரும் மூன்றரை மணிக்கு எழுந்தோம். ஆறே முக்காலுக்கு இலை போட்டுப் படைத்தாகிவிட்டது. காக்கைக்குச் சோறு வைத்து, அது வந்து எடுத்த பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில், நறுக்கிய வாழை இலைத் துண்டில், பருப்பும் நெய்யும் பிசைந்த சோற்று உருண்டை, அதன் மேல் ஒரு உளுந்து வடை. காக்கையைக் காணோம். தெருவில் எல்லா மாடிகளிலும் அன்று சோறு இருந்ததால் எங்கள் வீட்டுக் காக்கைக்கு அவசரம் இல்லை போலும். நீச்சல் உடைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே என் மகள் "கா கா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டாள். ஏழு ஐம்பதுக்கு ஒன்று வந்தது. சுவரில் இரண்டடி நடந்தது, தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது, வடையை மட்டும் கவ்விக்கொண்டு பறந்துவிட்டது. சோற்றைத் தொடவில்லை. வடை எடுத்தது கணக்கில் வருமா வராதா என்று மகள் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சற்று நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்கு வடைதான் பிடிக்கும்" என்றார்.

எட்டரைக்குக் கிளம்பினோம். மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, மாமல்லபுரத்தைத் தாண்டி, பூங்காவை அடைந்தபோது பதினொன்றே கால். நுழைவுச்சீட்டு வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரே ஒரு குடும்பம் நின்றது. வண்டிகள் நிறுத்துமிடத்தில் இரண்டு கல்லூரிப் பேருந்துகள், ஒரு பள்ளிப் பேருந்து, பத்துப் பதினைந்து கார்கள். பேருந்துகளை முதலில் எண்ண வேண்டும் என்பது அனுபவத்தில் கற்றது. வார நாளில் கூட்டம் குடும்பங்களாக வருவதில்லை, பேருந்துகளாக வரும். ஒரு பள்ளி நான்கு பேருந்துகளில் வந்தால் இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஒரே ராட்டினத்தின் முன் நிற்பார்கள். அந்த நேரத்தில் நாம் பூங்காவின் எதிர் மூலைக்குப் போய்விட வேண்டும். இருட்டுவதற்குள் பிள்ளைகளை ஊர் சேர்க்க வேண்டியிருப்பதால் மூன்றரை, நான்கு மணிக்கெல்லாம் ஆசிரியர்கள் தலை எண்ணத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு மூடும் வரை கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் அந்த நாளின் சிறந்த பகுதி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளிச் சுற்றுலாக் காலம் என்பதால், அப்போது வார நாள் என்பதை மட்டும் நம்பிப் போவது சரியல்ல. முந்தைய நாள் பூங்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, நாளை எத்தனை பள்ளிகள் வருகின்றன என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள். கேட்பதற்குத்தான் நமக்குக் கூச்சம்.

கூட்டம் இல்லாத நாளுக்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அன்று இரண்டு ராட்டினங்கள் பராமரிப்புக்காக மூடப்பட்டிருந்தன. பராமரிப்பை ஆள் குறைந்த நாட்களில்தான் வைத்துக்கொள்ள முடியும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெரிய ராட்டினத்தில், பத்துப் பேராவது சேர்ந்தால்தான் ஓட்டுவோம் என்றார் இயக்குபவர். நாங்கள் மூன்று பேர், இன்னொரு தம்பதி. வரிசையில் நிற்காமல் போகலாம் என்று 130 கிலோமீட்டர் வந்து, வரிசை சேர்வதற்காகப் பதினைந்து நிமிடம் காத்திருந்தோம். கடைசியில் கல்லூரிப் பையன்கள் சிலர் வந்து காப்பாற்றினார்கள். உணவுக் கடைகளிலும் பாதிதான் திறந்திருந்தன. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தாலும், அன்று பதினோரு ராட்டினங்கள், அலைக்குளம், சறுக்குகள், அதில் ஒன்றில் மட்டும் எட்டு முறை. உயரமான ரோலர் கோஸ்டரின் வாசலில் மட்டும் 140 சென்டிமீட்டர் கோடு தடுத்தது. என் மகள் 128. தலைமுடியைக் கொண்டையாகத் தூக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி போய் நின்றாள். அந்த ஊழியர் சிரித்துக்கொண்டே கொண்டையின் மேல் கையை வைத்து அழுத்தினார்.

இதில் வருத்தப்பட்டவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா. அவள் மகனும் என் மகளும் ஒரே வயது. எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. ஆனால் அவனுக்கு ஆகஸ்ட் 16 அன்று பள்ளி. "உங்களுக்கு மட்டும் பிரெஞ்சுக்காரன் லீவு விட்டுட்டுப் போயிருக்கான்" என்றாள். இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, சென்னைப் பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளி என்று ஒரு நாள் வேண்டும். மாசி மகத்துக்கு எங்கள் பக்கம் விடுமுறை விடுவதுண்டு என்பதை அக்காவிடம் சொன்னபோது, வைத்திக்குப்பம் கடற்கரைக்கு அத்தனை ஊர்ச் சாமிகளும் தீர்த்தவாரிக்கு வரும் நாளில் ராட்டினம் சுற்றப் போவதா என்று இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரே குரலில் மறுத்தார்கள். அந்த ஒற்றுமை அபூர்வமானது என்பதால் அதற்கு மேல் வாதாடவில்லை.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியபோது அங்கே பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன. மழை விடுமுறைகளை ஈடுகட்ட, பின்னர் வரும் சனிக்கிழமைகளில் பள்ளிகளை இயக்குவது வழக்கம். 2024 தொடக்கத்தில், சென்னைப் பக்கம் பள்ளி இயங்கிய, எங்கள் இரு ஊர்களிலும் விடுமுறையாக இருந்த ஒரு சனிக்கிழமையை செய்தித்தாளில் பார்த்துப் பிடித்தோம். புதன்கிழமை அளவுக்குக் காலியாக இல்லை. ஆனால் வழக்கமான சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதி கூட இருக்காது. ஓர் அறிவிப்பைக் கவனித்ததற்குக் கிடைத்த பலன் அது.

சனி, ஞாயிறுகளில் எங்களுக்குச் சாதகமான இன்னொன்றும் இருக்கிறது, அது சாலை. சனிக்கிழமை காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் சென்னையிலிருந்து புதுச்சேரியை நோக்கி ஓடும்; ஞாயிறு மாலை திரும்பிப் போகும். நாங்கள் இரு வேளையும் எதிர்த்திசையில் போகிறோம். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு மாமல்லபுரம் பக்கம் எதிரே முட்டி மோதி ஊர்ந்து வரும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே எண்பதில் வீடு திரும்புவதில் ஓர் அற்ப சந்தோஷம் உண்டு. அதை மறுக்க மாட்டேன். வார இறுதியில்தான் போக முடியும் என்பவர்கள் சனியைவிட ஞாயிற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறுநாள் பள்ளிக்கு எழுப்ப வேண்டியது நாம்தான்.

நாள் குறிக்கும்போது பூங்காவின் இணையதளத்தில் கட்டணத்தைத் தேதி வாரியாகப் பார்ப்பதும் உதவும். பல பூங்காக்கள் வார நாளுக்கு ஒரு விலை, வார இறுதிக்கு ஒரு விலை, பண்டிகைக் காலத்துக்கு இன்னொரு விலை என்று வைத்திருக்கின்றன. எந்தத் தேதிக்கு விலை ஏறுகிறதோ அந்தத் தேதியில் கூட்டத்தை அவர்களே எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள். நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வரிசையில் நிற்காமல் முன்னால் போவதற்கென்று விற்கும் கூடுதல் விலைச் சீட்டை நான் இதுவரை வாங்கியதில்லை. நான்கு பேருக்கு அதை வாங்கும் பணத்தில் கூட்டம் இல்லாத ஒரு நாளில் இன்னொரு முறையே போய் வந்துவிடலாம்.

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்த பிறகு என் மகள் மறுபடி காலண்டரைக் கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கொச்சியிலும் பெங்களூருவிலும் இருந்த பூங்கா எங்களுக்கு இரண்டரை மணி நேரத் தொலைவுக்கு வந்திருக்கிறது. புதிதாகத் திறந்த இடத்துக்கு முதல் கோடை விடுமுறையில் போவதில்லை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். திருப்போரூர் என்பதால் கிருத்திகை நாட்களில் கந்தசாமி கோயிலுக்கு வருகிறவர்களின் வண்டிகளும் அதே சாலையில் இருக்கும். அதையும் காலண்டரில் குறித்துவிட்டேன். ஆனால் 2026இல் ஆகஸ்ட் 16 ஞாயிற்றுக்கிழமை. நவம்பர் 1ஐப் பார்த்தேன், அதுவும் ஞாயிறு. எங்களுக்கென்று இருக்கும் இரண்டே நாட்களும் வீண்.

2027இல் ஆகஸ்ட் 16 திங்கட்கிழமை என்பதை மகளே கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாள். சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்ததில் இப்போது அவள் 139. மாமனாரிடம் அன்று அமாவாசை இல்லையே என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு கடலூருக்குத் தொலைபேசி செய்து பெரியம்மாவிடம் தேதியைச் சொன்னாள். மறுமுனையில் அக்கா சற்று யோசித்துவிட்டு, "திங்கக்கிழமையா? அன்னிக்கு இங்க ஸ்கூல் இருக்குமேடி" என்றாள்.